கார் இன்ஜின் போயிடுச்சா? மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க... முழு விவரம்!

"சார், வண்டிக்கு இன்ஜின் வேலை வந்துடுச்சு."

பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக் வாயிலிருந்து கேட்கவே பயப்படும் வார்த்தை இது. அந்த அதிர்ச்சியில் இருந்து மீள்வதற்குள் அடுத்த வார்த்தையும் வந்துவிடும். "வேலை பார்த்தா பத்து, பதினஞ்சு நாள் ஆகும். அதுக்கு பதிலா நல்ல கண்டிஷன்ல ஒரு பழைய இன்ஜின் இருக்கு. தூக்கி மாட்டிட்டா ரெண்டு நாள்ல வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம்."

கேட்பதற்கு சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் தலையாட்டுவதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அரசாங்கத்தைப் பொறுத்தவரை உங்கள் காரின் அடையாளம் நம்பர் பிளேட் மட்டும் இல்லை. ஆர்.சி.யில் அச்சாகி இருக்கும் சேஸிஸ் எண்ணும், இன்ஜின் எண்ணும் சேர்ந்ததுதான் அந்த அடையாளம். முழு இன்ஜினை மாற்றினால் அதில் ஒரு எண் மாறிவிடுகிறது.

இதில் சிக்கல் என்னவென்றால், மாறியது உடனே யாருக்கும் தெரியாது. சொந்த உபயோகக் காருக்கு முதல் 15 வருடம் எஃப்.சி. கிடையாது. அதனால் எண் மாறிய வண்டி வருடக்கணக்கில் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். காரை விற்கும்போதோ, விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்க்கும்போதோ, 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதோதான் மாட்டும்.

சரி, இன்ஜினை மாற்றலாமா, கூடாதா? எப்போது மாற்றலாம்? சட்டம் என்ன சொல்கிறது? பார்க்கலாம்.

முதல்ல, இன்ஜின் உண்மையிலேயே போயிடுச்சா?

புகை வந்தாலே இன்ஜின் முடிந்தது என்று அர்த்தம் இல்லை. என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பாருங்கள்.

கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் கோளாறு போன்ற காரணங்கள் இருக்கலாம். இதற்காக இன்ஜினை இறக்க வேண்டியது இல்லை.

வெள்ளைப் புகை விடாமல் வந்து, கூடவே கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் வரும் நீராவியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நீலப் புகைதான் கவனிக்க வேண்டியது. இன்ஜின் ஆயில் உள்ளே போய் எரிகிறது என்று அர்த்தம். இதிலும் அவசரம் வேண்டாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் நீலப் புகை வரும், வால்வு சீல் காய்ந்து போயிருந்தாலும் வரும். டீசல் காராக இருந்தால் டர்போவின் ஆயில் சீல் போனாலும் வரும். வால்வு சீலுக்கும் டர்போவுக்கும் ஆகும் செலவு வேறு, முழு இன்ஜினுக்கு ஆகும் செலவு வேறு.

மெக்கானிக்குகள் 'பேக் கம்ப்ரஷன்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப் குப்பென்று புகை மேலே வரும். சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் ரிங்கைத் தாண்டிக் கீழே கசிவதால் வருவது இது. லேசாக வந்தால் பரவாயில்லை. மூடியையே தள்ளும் அளவுக்கு வந்தால் தேய்மானம் அதிகம் என்று அர்த்தம்.

ஆயில் எவ்வளவு குறைகிறது என்பதையும் அளந்து பாருங்கள். 1,000 கி.மீ. ஓடுவதற்குள் 1 லிட்டருக்கு மேல் ஆயில் ஊற்ற வேண்டி வந்தால், வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால், அந்த ஆயில் இன்ஜினுக்குள்தான் எரிகிறது.

கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க

காதால் கேட்டு, கண்ணால் பார்த்து மட்டும் லட்ச ரூபாய் முடிவை எடுக்கக் கூடாது. "கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணிட்டீங்களா?" என்று கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜ் மாட்டி அளப்பதுதான் இந்தச் சோதனை.

பல பெட்ரோல் இன்ஜின்களில் இது சுமார் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். டீசலில் 350 முதல் 450 வரை. உங்கள் காருக்கான சரியான அளவு கம்பெனி சர்வீஸ் மேனுவலில் இருக்கும். மொத்த அளவைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினால் அங்கே பிரச்னை இருக்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு சோதனையும் உண்டு. அழுத்தம் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் பக்கம் கோளாறு. அப்படி என்றால் ஹெட்டை மட்டும் கழற்றி வேலை பார்த்தால் போதும், முழு இன்ஜினையும் தொட வேண்டியது இல்லை.

இந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு மெக்கானிக்கிடம் கருத்துக் கேட்கப் போகும்போது இதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

உங்க முன்னாடி இருக்கும் 3 வழிகள்

இன்ஜின் தேய்ந்தது உறுதி என்றால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இருக்கும் இன்ஜினையே இறக்கி 'ஃபுல் இன்ஜின் வேலை' பார்ப்பது. பிளாக்கை லேத் பட்டறைக்கு அனுப்பி போரிங் போடுவார்கள். சிலிண்டர் சுவர் தேய்ந்து ஓவல் ஆகியிருந்தால் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தி, 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய சைஸ் பிஸ்டன் போடுவார்கள். அதற்கும் மேல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் இறக்குவார்கள். கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் செய்து அதற்கேற்ற சைஸில் பேரிங் போடுவார்கள். எல்லா இன்ஜினுக்கும் பெரிய சைஸ் பிஸ்டன் கிடைக்காது என்பதால், இறக்குவதற்கு முன்பே பாகங்கள் கிடைக்குமா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

இரண்டாவது, வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினை வாங்கி மாட்டுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் அந்த இன்ஜின் எப்படி ஓட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியாது.

மூன்றாவது, கம்பெனியிடம் புது இன்ஜின் அல்லது புது பிளாக் வாங்குவது. விலை அதிகம். பழைய மாடல்களுக்குக் கிடைப்பதும் கஷ்டம். உதாரணத்துக்கு, மாருதி சுஸூகி 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது டீசல் கார் விற்பனையையே நிறுத்திவிட்டது.

எந்த வழியில நம்பர் மாறும்?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். பிஸ்டன், ரிங், கிராங்க், ஹெட், டர்போ என்று எதை மாற்றினாலும், பிளாக் அதே பிளாக்காக இருக்கும் வரை இன்ஜின் எண்ணும் அதேதான். ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

முழு இன்ஜினை மாற்றினாலோ, பிளாக்கை மட்டும் மாற்றினாலோ எண் மாறிவிடும். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் ஆர்.சி.யில் இருப்பதும், பானெட்டுக்குள் இருப்பதும் வேறு வேறு.

ஆக, "இன்ஜின் வேலை பார்க்கவா, இன்ஜினையே மாத்தவா" என்ற கேள்வி பணத்தோடும் நாள் கணக்கோடும் முடிவது இல்லை. சட்டப்படி இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

"பழைய நம்பரையே புது பிளாக்ல அடிச்சுத் தர்றோம், யாருக்கும் தெரியாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். எண்ணைத் தேய்த்து வேறு எண் பொறிப்பது திருட்டு வண்டிகளில் நடக்கும் வேலை. நாளைக்கு சோதனையில் பிடிபட்டால், நீங்கள் நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் உங்கள் தலையில்தான் விழும்.

சட்டம் என்ன சொல்லுது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வாகன மாற்றங்களைப் பற்றியது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது இதன் அடிப்படை விதி. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது.

அப்படியென்றால் இன்ஜினே மாற்றக் கூடாதா? மாற்றலாம். தேய்ந்துபோன இன்ஜினுக்குப் பதிலாக அதே தயாரிப்பு, அதே வகை இன்ஜினைப் போட்டு, பதிவு அதிகாரியிடம் சொல்லி, ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். முன் அனுமதி இல்லாமல் மாற்றம் நடந்திருந்தால், 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

ஆனால் பெட்ரோல் காரில் டீசல் இன்ஜின் போடுவது, சின்ன காரில் அதிக சி.சி. இன்ஜின் போடுவது எல்லாம் இதில் வராது. வேறு எரிபொருளுக்கு மாறுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்துவது போன்ற தனி நடைமுறைகள் இருக்கின்றன.

விதியை மீறினால்? 2019 திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல என்ன செய்யணும்?

இன்ஜினை வாங்குவதற்கு முன்பே உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கு என்று தனி சேவையே இருக்கிறது. பொதுவாகத் தேவைப்படுபவை: அசல் ஆர்.சி., நடப்பில் உள்ள இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், இன்ஜின் வாங்கிய பில், பழைய இன்ஜின் என்றால் அது எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்கான ஆவணம். கார் மீது லோன் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வாங்க வேண்டும்.

வண்டியை நேரில் கொண்டுபோக வேண்டியிருக்கும். மோட்டார் வாகன ஆய்வாளர் புது இன்ஜின் எண்ணைப் பார்த்துச் சரிபார்ப்பார். அதன்பிறகுதான் ஆர்.சி.யில் மாற்றம் ஏறும்.

இதோடு வேலை முடியவில்லை. புது ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பாலிசியிலும் இன்ஜின் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். பாலிசியில் பழைய எண், வண்டியில் புது எண் என்று இருந்தால், கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரும்.

புதுப்பேட்டையில வாங்கலாமா?

சென்னையில் பழைய கார் பாகம் என்றாலே புதுப்பேட்டைதான் ஞாபகத்துக்கு வரும். பழைய இன்ஜின் வாங்குவது குற்றம் இல்லை. பில் இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் வாங்குவதுதான் ஆபத்து.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, இன்ஜின் எண் குறிப்பிட்ட ஜி.எஸ்.டி. பில். இரண்டு, அந்த இன்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல் அல்லது அது கழிக்கப்பட்டதற்கான ஆவணம். மூன்று, எத்தனை நாள் கியாரண்டி என்பது எழுத்தில்.

பிளாக்கில் எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்த்த தடமோ, எழுத்துகள் கோணலாகவோ இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். திருடுபோன வாகனங்களின் விவரங்களை தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாகன் சமன்வய்' தளத்தில் சரிபார்க்க முடியும். கொடுத்த வண்டி எண், இன்ஜின் எண்ணை வைத்து அதிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காரணம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. "மார்க்கெட் விலையைவிட பாதிக்குக் கிடைச்சுது, பில் கேட்கல" என்பது உங்களுக்குச் சாதகமான பதிலாக இருக்காது.

'அதே இன்ஜின்தானே சார்' - நம்பாதீங்க

ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 1,248 சி.சி. கொண்ட இந்த இன்ஜின் மாருதி ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸில் இருந்தது. டாடாவின் இண்டிகா விஸ்டா, மான்ஸாவில் இருந்தது. ஃபியட் புன்டோ, லினியாவிலும் இருந்தது. அதனால் "எல்லாம் ஒண்ணுதான், எதை வேணா மாட்டலாம்" என்பார்கள்.

ஆனால் ஸ்விஃப்ட், டிசையரில் அது சுமார் 75 குதிரைத்திறன். மான்ஸா, எர்டிகாவில் வேறு வகை டர்போவோடு சுமார் 90 குதிரைத்திறன். டர்போ, எலெக்ட்ரானிக் கன்ட்ரோல், வயரிங் எல்லாம் மாறும். வேறு கம்பெனி காரில் இருந்து எடுத்த இன்ஜினை 'அதே தயாரிப்பு' என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்கச் செய்வதும் சிக்கல்தான்.

இன்னொரு விஷயம், மாசு விதி. சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களில் பி.எஸ்.4 விதி 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் கட்டாயமானது 2017 ஏப்ரலில்தான். அதனால் ஒரே வருடம், ஒரே மாடல் என்றாலும் சென்னையில் பதிவான கார் பி.எஸ்.4 ஆகவும், வேறு மாவட்டத்தில் பதிவான கார் பி.எஸ்.3 ஆகவும் இருக்கலாம். உங்கள் ஆர்.சி.யில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே வகை இன்ஜினைத் தேடுங்கள்.

புதிய கார்களில் இம்மொபிலைசர் வேறு இருக்கிறது. சாவிக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் இல்லை என்றால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அதனால் உங்கள் காரின் கம்ப்யூட்டரை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பல காமன் ரெயில் டீசல்களில் இன்ஜெக்டர் மாறினால் அதன் கோடையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் வசதி இருக்கும் இடத்தில்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

பழைய இன்ஜின் ஏன் போச்சு?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த இன்ஜினை மாட்டக் கூடாது. ரேடியேட்டர் அடைத்து சூடேறிப் போயிருந்தால், அதே ரேடியேட்டர் அடுத்த இன்ஜினையும் சூடேற்றும். ஆயில் மாற்றாமல் கசடு சேர்ந்து போயிருந்தால், ஆயில் கூலரிலும் டர்போ குழாய்களிலும் அந்தக் கசடு இன்னும் இருக்கும்.

இன்ஜின் கீழே இறங்கியிருக்கும் நேரத்தில் கிளட்ச், வாட்டர் பம்ப், டைமிங் செயின் அல்லது பெல்ட், இன்ஜின் மவுன்ட், ரப்பர் ஹோஸ்கள், ஆயில் சீல்களைப் பார்த்துவிடுங்கள். இப்போது பாகத்துக்கு மட்டும் காசு. அப்புறம் என்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ மறுபடி இறக்கும் கூலியும் சேரும்.

வேலை பார்த்த இன்ஜினை முதல் 1,000 கி.மீ. வரை அதிக பாரம் ஏற்றாமல், ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்காமல் ஓட்டுங்கள். அதன்பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

செலவு செய்யலாமா? இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள். கார் இப்போது இருக்கும் நிலையிலேயே என்ன விலைக்குப் போகும்? நல்ல ஓடும் நிலையில் இருந்தால் என்ன விலை? வேலைக்கு மொத்தச் செலவு எவ்வளவு?

புரிவதற்காக ஒரு கணக்கு: இப்படியே கொடுத்தால் 70,000 ரூபாய். ஓடும் நிலையில் 1,80,000 ரூபாய். செலவு 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு செய்து உடனே விற்றால், விலை ஏறுவது 1,10,000 ரூபாய்தான். 10,000 ரூபாய் நஷ்டம். அதே காரை இன்னும் 5 வருடம் ஓட்டினால், அந்த 1,20,000 ரூபாய் மாதத்துக்கு 2,000 ரூபாய் கணக்கு. புது கார் இ.எம்.ஐ.யோடு ஒப்பிட்டால் பலருக்கும் இது லாபம்தான்.

அதாவது, விற்பதற்காக இன்ஜின் மாற்றாதீர்கள். ஓட்டுவதற்காக மாற்றுங்கள்.

காரின் வயதையும் பாருங்கள். 2011இல் பதிவான காருக்கு 2026இல் 15 வருடம் முடிகிறது. அதன்பிறகு பதிவை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயில் இருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. டெல்லி போல 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் கார்களுக்கான தடை தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் பாடி துருப்பிடித்து, அடிப்பகுதி அரித்துப் போன காருக்கு எவ்வளவு நல்ல இன்ஜின் போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஏற்கெனவே மாத்தியாச்சு, ஆர்.சி.ல ஏத்தல... என்ன பண்றது?

பில் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். அபராதம் இருக்கலாம். ஆனால் சோதனையில் பிடிபட்டு விளக்கம் சொல்வதைவிட, தானாக வந்து சொல்வது எப்போதும் மேல்.

பழைய கார் வாங்கப் போகிறீர்கள் என்றால், டயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பானெட்டைத் திறந்து இன்ஜின் எண்ணைத் தேடுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 5 நிமிட வேலைதான். எண் ஒத்துப்போகவில்லை என்றால், விற்பவர் ஆர்.சி.யைச் சரிசெய்து கொடுக்கும் வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முன்பு யாரோ ஒருவர் ரெண்டு நாளில் முடித்த வேலைக்கு, நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும்.